ஆள் ஏற்கெனவே பார்த்தாச்சாம்

திருகோணமலையில் ஒரு தனியார் நிறுவனம் வேலைவாய்ப்பு அறிவித்தல் போட்டால் அன்று பின்னேரமே இரண்டு கதை கிளம்பிவிடும். வெளியே: "அது உள்ளுக்குள்ள இருக்கிற ஒராளுக்குத்தான். சும்மா பேருக்குப் போட்டிருக்கிறாங்கள்." உள்ளே: "கொழும்பில இருந்து ஒராளைப் பார்த்து வச்சிட்டாங்கள். நாங்கள் விண்ணப்பிச்சு என்ன?" ஒரே வெற்றிடம், ஒரே அறிவித்தல். இரண்டு கதையும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஆனாலும் சொல்கிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தேர்வு எப்படி நடந்தது என்பது இரண்டு தரப்புக்கும் கடைசிவரை தெரியவராது. தெரியாத இடத்தைக் கதைதான் நிரப்பும்.

அரசாங்க வேலையில் இந்த மோதல் அவ்வளவாக வராது. நிர்வாக சேவையை எடுத்தால் வெளியே இருப்பவர்களுக்குத் திறந்த போட்டிப் பரீட்சை, ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை என்று வழியையே பிரித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் உள்ளே இருப்பவரோடு போட்டியிடுவார், வெளியே இருப்பவர் வெளியே இருப்பவரோடு. மாகாண சபையின் செயலகங்கள் இருக்கிற ஊர் என்பதால் இந்த இரண்டு வழியும் இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். தனியாருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு நாற்காலிக்கு ஒதுக்கீடு போட முடியாது. எட்டு வருடம் கூட இருந்தவரையும் நேற்று விண்ணப்பம் அனுப்பியவரையும் ஒரே மேசைக்கு முன்னால் இருத்தித்தான் ஆகவேண்டும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு பதவியை வைத்துக்கொள்வோம். கண்டி வீதிப் பக்கம் கட்டடப் பொருள் விற்கும் ஒரு நிறுவனம், ஊழியர் நாற்பது பேர். களஞ்சியப் பொறுப்பாளர், அதாவது ஸ்டோர்கீப்பர், வேலையை விட்டுவிட்டார். எட்டு வருடம் அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர் விண்ணப்பிக்கிறார். கட்டாரில் பெரிய களஞ்சியம் ஒன்றில் வேலைசெய்து திரும்பிய மூதூர்க்காரர் ஒருவர், மட்டக்களப்பிலிருந்து டிப்ளோமாவோடு ஒரு பெண், இன்னும் சிலர் வெளியே இருந்து விண்ணப்பிக்கிறார்கள். இப்படி ஒரு வரிசை இந்த மாவட்டத்தில் எந்தப் பதவிக்கும் வரும்.

நாற்பது நிமிடமும் எட்டு வருடமும்

எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் நியாயம் நடந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வி ஒன்றாக இருந்தாலும், கேட்கிறவர்களின் தலைக்குள் இருப்பது ஒன்றாக இல்லை. உதவியாளரைப் பற்றி அவர்களுக்கு எட்டு வருடக் கதை தெரியும். தாய்க்குச் சுகமில்லாமல் பிந்தி வந்த மாதம், லொறிச் சாரதியோடு வாக்குவாதப்பட்ட நாள், ஒருதடவை இரட்டிப்பாக எண்ணிய கணக்கு எல்லாமே ஞாபகத்தில் இருக்கும். கட்டாரில் இருந்து வந்தவரைப் பற்றித் தெரிந்ததோ, அயர்ன் பண்ணிய சட்டையோடு அவர் இருந்த நாற்பது நிமிடம் மட்டும். அவரும் தோஹாவில் யாரோடாவது சண்டை பிடித்திருப்பார். அது இங்கே வந்து சேரவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு எப்போதும் வெளியாளுக்குத்தான் சாதகம் என்றும் இல்லை. உள்ளூர் மாடு விலைபோகாது என்பது பாதி உண்மை. மறுபாதி, பழகிய முகத்தின் மேல் வருகிற பாசம். "எங்கட பொடியன், கைவிட ஏலாது." குழுவில் யார் இருக்கிறார்கள், அந்த வாரம் களஞ்சியத்தில் என்ன நடந்தது என்பதைப் பொறுத்து தட்டு எந்தப் பக்கமும் சாயும். ஆகவே கேள்வித்தாளைச் சரிபார்ப்பதை விட, இரண்டு பேரைப் பற்றியும் நமக்குத் தெரிந்த அளவைச் சமப்படுத்துவதுதான் முதல் வேலை. உள்ளே இருப்பவரைப் பற்றிய செவிவழிக் கதைகளைத் தேர்வு அறைக்கு வெளியே நிறுத்தி, சரிபார்க்கக்கூடியவற்றை மட்டும் உள்ளே எடுக்கவேண்டும். வெளியே இருந்து வருபவரை நாற்பது நிமிடத்துக்கு மேல் பார்க்க ஒரு வழி தேடவேண்டும்.

அறிவித்தல் எழுதுகிற மேசை

பாதி அநியாயம் நேர்முகப் பரீட்சைக்கு முன்பே முடிந்துவிடுகிறது. உதவியாளரைத்தான் உயர்த்துவது என்று முதலாளி மனதுக்குள் முடிவெடுத்துவிட்டால், பத்திரிகையில் போடக்கூடாது. கடிதத்தைக் கொடுத்து உயர்த்திவிடலாம், அதில் ஒரு பிழையும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் லீவு போட்டு, பஸ் காசு கட்டி ஐந்து பேர் வந்து ஒரு நாடகத்தில் இருந்துவிட்டுப் போவதுதான் பிழை. பிறகு உண்மையாகவே ஆள் தேவைப்படுகிற நாளில் நல்லவர்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள். இந்த ஊரில் அந்தப் பெயர் ஒரு தடவை ஒட்டினால் லேசில் போகாது.

திறந்து போடுவது என்று முடிவானால், வேலையை இரண்டாகப் பிரித்து எழுதவேண்டும்: முதல் நாளே கையில் இருக்கவேண்டியது, மூன்று மாதத்தில் பழகக்கூடியது. களஞ்சியத்தைப் பொறுத்தவரை, பின் கார்டையும் (ஒரு பொருளின் வரவு, போக்கு, மீதியை எழுதும் களஞ்சிய அட்டை) கையிருப்பையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது, வந்த சரக்கைக் கட்டளையோடும் ஜி.ஆர்.என்.னோடும் (சரக்குப் பெற்றதற்கான சீட்டு) சரிபார்ப்பது, சீமெந்தை வந்த ஒழுங்கில் வெளியே விடுவது ஆகியவை முதல் நாள் வேண்டியவை. எங்கள் கணினி மென்பொருள், விநியோகத்தர்களின் பெயர், எந்தத் தட்டில் எந்த வால்வு இருக்கிறது என்பவை பழகக்கூடியவை. உள்ளே இருப்பவரின் பலம் பெரும்பாலும் இரண்டாவது பட்டியலில் கிடக்கும். அதை முதலாவது பட்டியலுக்குள் நைசாகத் தள்ளி எழுதுவதுதான் ஆள் பார்த்து அளவெடுத்த அறிவித்தல்.

எதிர்ப்பக்க வேலையும் நடக்கும். "டிப்ளோமா அல்லது பட்டம் விரும்பத்தக்கது" என்ற ஒரு வரியைப் பழைய அறிவித்தல் ஒன்றிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டுவார்கள். அந்த ஒரு வரியில் எட்டு வருட உதவியாளர் விண்ணப்பிக்காமலே விலகிவிடுவார். அதேபோல் "5 வருட அனுபவம் கட்டாயம்" என்பதும் யோசிக்காமல் போடப்படுவது. தேர்வு முறைகள் பிற்காலத்து வேலைத்திறனை எவ்வளவு சரியாகக் காட்டுகின்றன என்பது பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் 2022இல் மறுபடி கணக்கிட்டார்கள். 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு. ஒழுங்குபடுத்திய நேர்முகம் 0.42, வேலையறிவுப் பரீட்சை 0.40, வேலையைச் செய்துகாட்டும் பரீட்சை 0.33, மனம்போனபடி கேட்கும் நேர்முகம் 0.19. அனுபவ வருடங்களின் எண்ணிக்கை வெறும் 0.07. உள்ளே இருப்பவரின் சிரேஷ்டத்துவமானாலும் வெளியே இருப்பவரின் வளைகுடா வருடங்களானாலும் எண்ணிக்கையை மட்டும் நம்பக்கூடாது. ஆகவே வருடத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, அந்த வருடங்களில் கைக்கு வந்தது என்ன என்று பார்ப்பதே உத்தி.

மொழி வரியிலும் கவனம் வேண்டும். "சிங்களத்தில் சரளம்" என்று எழுதுவது இங்கே ஒரு சல்லடை. எத்தனை பேர் அதில் நிற்பார்கள் என்பது எழுதுகிறவருக்கே தெரியும். உண்மைத் தேவை என்ன? கொழும்பிலிருந்து வரும் லொறியின் விநியோகச் சீட்டை வாசிக்கவேண்டும், சாரதியோடு தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசவேண்டும். அதையே எழுதலாம், அதையே பரீட்சிக்கலாம்.

உள்ளே இருப்பவர் என்றால் யார் என்பதையும் அறிவித்தலுக்கு முன்பே முடிவுசெய்யவேண்டும். மேன்பவர் கொம்பனி மூலம் இரண்டு வருடமாக அதே களஞ்சியத்தில் மூடை தூக்குகிறவர் உள்ளா, வெளியா? சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அவரை வெளியாள் என்று தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. ஆறு மாதம் இந்த இடத்தில் வேலைசெய்த எவரும், சம்பளம் யார் கொடுத்தாலும், உள்ளே இருப்பவர் என்று வைத்துக்கொள்வது நல்லது. அறிவித்தல் உள்ளே கரும்பலகையில் தொங்குவதும் வெளியே பத்திரிகையிலும் முகநூலிலும் போவதும் ஒரே நாளில் நடக்கட்டும். விண்ணப்ப முடிவுக்கு 14 நாள். உள்ளே இருப்பவர்களுக்குக் கதை முன்பே தெரிந்திருக்கும், அதைத் தடுக்க முடியாது. பரீட்சையில் என்ன வரும் என்ற விபரத்தை எல்லோருக்கும் ஒரே கடிதத்தில் அனுப்பினால் அந்த முந்துதல் பெரிதும் கரைந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது பதில் கடமை. பொறுப்பாளர் போனதும் "தம்பி, கொஞ்ச நாளைக்கு நீ பார்த்துக்கொள்" என்று உதவியாளரிடம் சாவியைக் கொடுப்பார்கள். கொஞ்ச நாள் பதினொரு மாதம் ஆகும். சம்பளம் அதே, கையெழுத்து மட்டும் பெரிய கையெழுத்து. அதற்குப் பிறகு நேர்முகம் வைத்தால், அவரை எடுத்தாலும் வெளியே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள், எடுக்காவிட்டால் அவர் மனம் உடைந்துபோவார். மூன்று மாதத்துக்கு மேல் பதில் கடமை கூடாது. கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கவேண்டும்: முடியும் திகதி, அந்தக் காலத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு, பதில் கடமை பார்த்தது மட்டுமே நிரந்தரப் பதவிக்குத் தகுதி ஆகாது என்ற வரி. களஞ்சியத்தில் தகுதியான இரண்டு பேர் இருந்தால் மாறி மாறிக் கொடுக்கலாம்.

180 கம்பி

வெளியே இருந்து வருபவரை நாற்பது நிமிடத்துக்கு அப்பால் பார்க்கவும், உள்ளே இருப்பவரைப் பழைய கதைகளுக்கு அப்பால் பார்க்கவும் நான் நம்புகிற ஒரே வழி, இரண்டு பேருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்வது. மேலே உள்ள எண்களில் 0.33 என்றால் ஒழுங்கான நேர்முகத்தை விடக் குறைவாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான். நான் அதை விரும்புவதற்குக் காரணம் வேறு: பழக்கமும் பகையும் நுழைய அதில் இடம் குறைவு. 45 நிமிடம் போதும். இரண்டு கணக்கு வைத்தால் ஆள் தெரிந்துவிடும்.

முதலாவது, ஒரு சீமெந்துப் பின் கார்ட். ஆரம்ப மீதி 240 மூடை, வந்தது 400, போனது 165. மீதி 475 வரவேண்டும். கார்டில் 485 என்று எழுதி அடுத்த வரிகளை அதன் மேல் கட்டியிருக்கும். கீழே ஒரே ஜி.ஆர்.என். இலக்கம் இரண்டு வரியில் வந்திருக்கும், இரண்டாவது தடவை அடித்து வெட்டப்பட்டிருக்கும், வெட்டியவரின் கையெழுத்து இருக்காது. கடைசியில் ஒரு குறிப்பு: இந்த 165 போன அன்று பின்னேரம் கையால் எண்ணியபோது இருந்தது 470. கேள்வி: எங்கே பிழை, அடுத்து என்ன செய்வீர்கள்? கூட்டல் பிழை 10ஐக் கண்டுபிடிப்பவர்கள் பலர். கார்டைத் திருத்திய பிறகும் 5 மூடை குறைகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. பார்த்த பிறகு உடனே கார்டை 470 ஆக்கிவிடுபவர் ஒருவகை. பதியாத விநியோகச் சீட்டு இருக்கிறதா, கிழிந்ததும் இறுகியதுமான மூடைகள் ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் தேடி, கிடைக்காவிட்டால் கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் அறிவித்து, அனுமதி வந்த பிறகே கார்டைத் தொடுபவர் மற்றவகை. நமக்கு வேண்டியவர் அவர்தான்.

இரண்டாவது, ஒரு லொறி வருகிறது. இன்வொய்சில் 12 மில்லிமீற்றர் கம்பி, 6 மீற்றர் நீளம், 1,000 கிலோ. இறக்கி எண்ணினால் 180 கம்பி. சாரதி கையெழுத்துக்கு நிற்கிறார். ஒரு மீற்றரின் எடைக்கான சூத்திரத்தைத் தாளிலேயே கொடுத்துவிடவேண்டும்: விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் பிரிப்பது. 144ஐ 162ஆல் பிரித்தால் 0.889 கிலோ, 6 மீற்றருக்கு 5.33 கிலோ. 1,000 கிலோவுக்கு 187, 188 கம்பி வரவேண்டும். 180 என்றால் 960 கிலோதான். 40 கிலோ எங்கே? இதுவரை வருபவருக்குப் பாதிப் புள்ளி. கம்பி உருட்டும்போது எடையில் சில வீதம் கூடக்குறைய வருவது வழமை, ஆகவே எண்ணிக்கையை மட்டும் வைத்துக் குறைவு என்று முடிவுகட்ட முடியாது, எடைபோட்ட சீட்டு வேண்டும் என்று சொல்பவருக்கு முழுப் புள்ளி. தராசு இல்லாவிட்டால் "180 கம்பி பெறப்பட்டது, எடை சரிபார்க்கப்படவில்லை" என்று விநியோகச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வைப்பேன் என்றாலும் முழுப் புள்ளி.

சூத்திரத்தைத் தாளில் கொடுப்பது இங்கே சிறிய விஷயமில்லை. எட்டு வருடம் இருந்தவருக்கு அது மனப்பாடம், உணவுப்பொருள் களஞ்சியத்திலிருந்து வருபவருக்குத் தெரியாது. அது மூன்று மாதப் பட்டியலைச் சேர்ந்த அறிவு, ஆகவே பரீட்சைக்குள் வரக்கூடாது. அதேமாதிரி விடையை ஆங்கிலத்தில் கட்டுரையாகக் கேட்பது டிப்ளோமாக்காரருக்குச் சலுகை. எந்த மொழியிலும், உடைந்த வசனத்திலும் எழுதலாம் என்று தாளின் தலையிலேயே போடவேண்டும். பெயருக்குப் பதில் இலக்கம் போட்டாலும் உள்ளே இருப்பவரின் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும், எட்டு வருடமாகப் பின் கார்டில் பார்த்த எழுத்தல்லவா? ஆகவே திருத்துவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். வருடாந்தக் கணக்காய்வுக்கு வருகிறவர்களில் ஒருவர் போதும். விடைத் திட்டத்தை முன்கூட்டியே எழுதி அவரிடம் கொடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் அவரும் தன் ரசனைக்குப் புள்ளி போடுவார்.

இந்தத் தாளில் பழக்கம் சிலசமயம் எதிராகவும் வேலைசெய்யும். "அந்த லொறி எப்பவும் அப்படித்தான் வரும், கையெழுத்து வச்சு விட்டுடுவம்" என்று உள்ளே இருப்பவர் எழுதினால், அது அவருடைய பிழையா, அவருக்கு மேலே இருந்தவர் பழக்கிய பிழையா என்பதை முதலாளி தனியாக யோசிக்கவேண்டும். புள்ளி மட்டும் விடைத் திட்டத்தின்படிதான்.

"அதுதான் உங்களுக்குத் தெரியுமே சேர்"

நேர்முகத்துக்கு மூன்று பேர் போதும், ஒருவராவது களஞ்சியத்தோடு தொடர்பில்லாதவராக இருக்கட்டும். உதவியாளரின் நேரடி மேலதிகாரி குழுவில் இருக்கக்கூடாது. அவர் சொல்லவேண்டியதற்கு வேறு இடம் இருக்கிறது, கீழே வருகிறேன். நேரம் குறிக்கும்போது பஸ்ஸை யோசிக்கவேண்டும். காலை 8.30 என்றால் யாழ்ப்பாணத்துக்காரர் இரவு முழுக்கக் கண்விழித்து வந்து இருப்பார். 11 மணி நல்லது. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மாவுக்கு இடம்விடவேண்டும், இல்லாவிட்டால் வேறு நாள். உள்ளே இருப்பவருக்கு அன்று அரைநாள் லீவு கொடுக்கவேண்டும். காலையில் இரண்டு லொறி இறக்கிவிட்டு வியர்வையோடு வந்து அமர்பவரை, ஓய்வெடுத்து வந்தவருக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது.

ஒரே ஐந்து கேள்வி, ஒரே ஒழுங்கு. "கணக்கெடுப்பில் குறைவு வந்த ஒரு தடவை என்ன செய்தீர்கள், படிப்படியாகச் சொல்லுங்கள்" என்ற மாதிரி. உள்ளே இருப்பவர் இங்கேதான் சறுக்குவார். "அதுதான் உங்களுக்குத் தெரியுமே சேர், போன வருஷம் பி.வி.சி. பைப் விஷயம்" என்று இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். கேட்பவரும் தலையாட்டிவிட்டு, மிச்சத்தைத் தன் ஞாபகத்திலிருந்து நிரப்பிப் புள்ளி போடுவார். ஞாபகம் நல்லதென்றால் கூடும், கெட்டதென்றால் குறையும். வெளியே இருந்து வந்தவர் அதே கேள்விக்கு ஆறு நிமிடம் விபரமாகப் பேசியிருப்பார். உள்ளே இருப்பவர்களிடம் முதல்நாளே சொல்லிவைக்கவேண்டும்: எங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். மறந்து சுருக்கினால் "தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்" என்று ஒருதடவை நினைவூட்டலாம். அந்த நினைவூட்டல் வெளியாளுக்கும் உண்டு.

விளிப்பும் பார்க்கவேண்டியதுதான். ஒருவருக்குத் "தம்பி, இரு, தேத்தண்ணி குடி", அடுத்தவருக்கு "அமருங்கள்". அன்று ஒருநாளைக்கு எல்லோரும் "நீங்கள்". பெண்ணிடம் "பிள்ளை, மட்டக்களப்பில இருந்து வந்து எங்க தங்குவீங்க, கல்யாணம் முடிஞ்சா என்ன செய்வீங்க" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வேலை நேரம் காலை 7.30, சனிக்கிழமையும் உண்டு, இது உங்களுக்கு இயலுமா என்று எல்லோரிடமும் ஒரேமாதிரிக் கேட்கலாம். "எந்த ஊர், யாருடைய மகன்" என்ற கேள்வி இந்த ஊரில் என்னென்னவற்றைச் சொல்லிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கேட்கவே கூடாது.

கடைசி ஆள் வெளியே போனதும் வருகிற அரை மணித்தியாலம்தான் முழுத் தேர்வும். தேத்தண்ணி வரும், கதிரையைப் பின்னுக்குத் தள்ளுவார்கள், யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "அவரைப் பற்றி எங்களுக்குத் தெரியும்தானே." இந்த வசனம் வந்த பிறகு கையில் உள்ள எந்தப் புள்ளியும் நிற்காது. தாளில் 28 போட்டிருந்தவர் அதை 22 ஆக்குவார், அல்லது 33 ஆக்குவார். ஆகவே பேச்சுத் தொடங்கும் முன், ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட புள்ளியைப் பேனையால் எழுதிக் கையெழுத்திட்டுக் கணக்காளரிடம் கொடுத்துவிடவேண்டும். பென்சில் வேண்டாம். பிறகு பேசலாம், சண்டை பிடிக்கலாம். ஒருவர் புள்ளியை மாற்றவேண்டுமென்றால் பழைய புள்ளியை ஒரு கோட்டால் வெட்டி, நேர்முகத்தில் கேட்ட எந்த விடைக்காக என்று பக்கத்தில் எழுதவேண்டும். "எனக்குத் தெரியும்" என்பது காரணமாக எழுதப்பட முடியாது என்று தெரிந்ததும் முக்கால்வாசி மாற்றங்கள் நடக்காது.

உள்ளே இருப்பவரைப் பற்றி உண்மையில் தெரிந்தது வீணாகப் போகவேண்டியதில்லை. அதற்கு 100இல் 25 ஒதுக்கலாம். பரீட்சைக்கு 40, நேர்முகத்துக்கு 35. இந்த 25க்கு நான்கு கேள்வி: கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது, குறைவை எப்படி அறிவித்தார், வரவு எப்படி, மறுபடி உங்களுக்குக் கீழே எடுப்பீர்களா. உள்ளே இருப்பவருக்கு அவருடைய மேலதிகாரி நேர்முகத்துக்கு முன்பே எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும், கடந்த நான்கு காலாண்டுக் கணக்கெடுப்பின் வித்தியாசங்களோடு. வெளியே இருந்து வருபவருக்கு அதே நான்கு கேள்வியை அவருடைய முந்தைய மேலதிகாரிகள் இருவரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதவேண்டும். கட்டார் என்றால் வாட்ஸ்அப் போதும். அங்கே இரண்டரை மணித்தியாலம் பின்னால், வெள்ளி விடுமுறை, நமக்கு விடுமுறையான ஞாயிறு அவர்களுக்கு வேலைநாள். தற்போது வேலையில் இருப்பவர் என்றால் அவருடைய அனுமதி இல்லாமல் அங்கே எடுக்கவே கூடாது, இருக்கிற வேலையும் போய்விடும்.

சமமாக வந்தால்? இதற்கு விதி முன்பே இருக்கவேண்டும், அறிவித்தலிலும் இருக்கவேண்டும். என் கட்சி, வித்தியாசம் 5 புள்ளிக்குள் என்றால் உள்ளே இருப்பவருக்கு. பாசத்தால் சொல்லவில்லை. அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றின் 2003 முதல் 2009 வரையான பதிவுகளை ஆராய்ந்து மத்தியூ பிட்வெல் 2011இல் வெளியிட்ட முடிவுப்படி, வெளியே இருந்து எடுக்கப்பட்டவர்களுக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ 18 வீதம் கூடுதல் சம்பளம் கொடுக்கப்பட்டது. கல்வியும் அனுபவமும் தாளில் அவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் முதல் இரண்டு வருடம் அவர்களுடைய மதிப்பீடு உள்ளே உயர்ந்தவர்களை விடக் குறைவு, விலகுவதும் விலக்கப்படுவதும் அதிகம். வங்கியும் களஞ்சியமும் ஒன்றல்ல. இருந்தாலும் தாளின் மினுக்கத்துக்கு நாம் கொடுக்கிற விலையைப் பற்றி யோசிக்க அது போதும். 5ஐத் தாண்டினால் புள்ளி சொல்கிறபடிதான், அங்கே இரக்கம் வேண்டாம்.

சம்பளப் பக்கம்

உள்ளே இருப்பவருக்குப் "பத்து வீதம் கூட்டித்தாறம்", வெளியே இருந்து வருபவரிடம் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" இந்த இரண்டு வசனமும் ஒரே பதவிக்குச் சொல்லப்படுகின்றன. சம்பளத்துக்கு ஒரு அடியும் ஒரு உச்சியும் அறிவித்தலிலேயே போட்டுவிட்டால் பிரச்சினை பாதி தீரும். முதலாளிமார் வெளியே சொல்லாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்கிற நிறுவனங்களுக்கான 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரர் வேலையை விட்டுப் போகும்போது அவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. எட்டு வருடக்காரரின் சம்பளம் 60,000இலிருந்து 80,000 ஆனால், அவருக்குரிய பணிக்கொடை அதே நாளில் 240,000இலிருந்து 320,000 ஆகிவிடும். வெளியே இருந்து வருபவருக்கு ஐந்து வருடத்துக்கு அந்தக் கணக்கே இல்லை. இது உண்மையான செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எட்டு வருட உழைப்புக்கு ஏற்கெனவே பட்ட கடன். அதைத் தேர்வுத் தாளில் அவருக்கு எதிராக எழுதுவது பிழை.

இன்னொரு பயம், உயர்த்தியவர் சரிவராவிட்டால் இறக்க முடியாது என்பது. வெளியே இருந்து வருபவருக்கு ஆறுமாதத் தகுதிகாண் காலம் இருக்கிறது, உள்ளே இருப்பவருக்கு இல்லை என்பதால்தான் இந்தப் பயம். அவருக்கும் ஆறு மாதத்தைக் கடிதத்தில் போடலாம்: சரிவராவிட்டால் பழைய பதவி, பழைய சம்பளம், சேவைக்காலத்தில் முறிவில்லை. அவர் வாசித்து, வீட்டில் பேசி, சம்மதித்துக் கையெழுத்திட்ட பிறகே நடைமுறைக்கு வரவேண்டும். கடிதத்தின் வாசகத்தைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிடுவது புத்தி.

எடுபடாதவர்

வெளியே இருந்து வந்து எடுபடாதவருக்கு ஒரு கடிதம் போதும், ஆனால் அது கட்டாயம் போகவேண்டும். உள்ளே இருந்து எடுபடாதவர் அடுத்தநாள் காலை 7.30க்கு அதே களஞ்சியத்துக்கு வருகிறார். அமெரிக்காவின் பெரிய நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடத்தில் 9,000க்கு மேற்பட்ட உள் நிராகரிப்புகளை கெல்லரும் டுலுகோசும் ஆராய்ந்து 2021இல் எழுதியது இங்கே உதவும். நிராகரிக்கப்பட்டவர்கள் விலகிப்போகிற வாய்ப்பு, தெரிவானவர்களோடும் விண்ணப்பிக்காதவர்களோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் பொறுப்பான முகாமையாளரோடு நேர்முகம் வரை போய் நிராகரிக்கப்பட்டவர்கள் விலகும் வாய்ப்பு, முன்பே தட்டிக்கழிக்கப்பட்டவர்களின் வாய்ப்பில் பாதி. உள்ளே இருப்பவர் ஒருவர் விண்ணப்பித்தால், அடிப்படைத் தகைமை இருக்கும்வரை, அவரை நேர்முகத்துக்குக் கூப்பிடாமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வெளியாளுக்குக் கடிதம் போகும் முன் உள்ளே இருந்து எடுபடாதவருக்குச் சொல்லவேண்டும், அன்றே, முதலாளியோ முகாமையாளரோ நேரில். கன்டீனில் கேள்விப்படக்கூடாது. "அடுத்த முறை பார்ப்பம்" என்ற வசனத்தை விட்டுவிட்டு அவருடைய விடைத்தாளை மேசையில் வைக்கவேண்டும். பின் கார்டில் 10ஐக் கண்டீர்கள், 5ஐ விட்டுவிட்டீர்கள், கம்பிக்கு எடைச்சீட்டுக் கேட்கவில்லை, இந்த இடத்தில் 9 புள்ளி போனது. இது கேட்கக் கசக்கும். ஆனால் யாரோ ஒருவரின் செல்வாக்கால் போனது என்ற கதையை இந்த ஒரு தாள்தான் மறிக்கும். தெரிவானவருடைய தாளையும் பெயரில்லாமல் பார்க்க விரும்பினால் காட்டலாம். அவர் கோபப்பட்டால் கோபப்படட்டும், பதில் சொல்லி வெல்ல முயலக்கூடாது.

பிறகு, புதியவருக்கு வேலையைப் பழக்கும் பொறுப்பு அவர் தலையிலேயே விழும், வேறு யாருக்கும் தட்டுகள் தெரியாது. அதைச் சும்மா வாங்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு பழக்கற் கொடுப்பனவு, கடிதத்தில். பொறுப்பு மாறுகிற நாள் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் இருந்தால் நல்லது. வாடைக்காற்றில் ஈரம் ஏறிச் சீமெந்து இறுகத் தொடங்கிவிட்டால், எந்த மூடை யாருடைய காலத்தில் கெட்டது என்று பிறகு பிரிக்க முடியாது. ஒரு போயா நாளில் களஞ்சியத்தைப் பூட்டிவைத்து, உதவியாளர் எண்ண, புதியவர் மறுபடி எண்ண, கணக்காளர் எழுதவேண்டும். அடுக்கு பத்து மூடைக்கு மேல் போயிருக்கிறதா, சுவரிலிருந்து ஒரு அடி விலகியிருக்கிறதா, மூன்று மாதம் தாண்டிய மூடை எத்தனை என்பதெல்லாம் தனிப் பத்தியில். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கையெழுத்து, மூன்று பிரதி. உதவியாளரின் பிரதியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.